மனு கொடுத்தவள்

தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் கூப்பிடவில்லை. பதினொன்றே கால். ஆர்.ஐ. அய்யா இருக்கிற அறைவாசலில் தொங்கும் பச்சைத் திரை காற்றடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் விலகுகிறது, விலகும்போது அவருடைய முழங்கை தெரிகிறது, முழங்கை மட்டும், முகம் தெரிந்தாலாவது பேசப்போகிற ஆள் எப்படி என்று ஒரு நிதானம் கிடைக்கும், முழங்கையைப் பார்த்து என்னத்தைத் தெரிந்துகொள்ள. பிள்ளை என் மடியில் உட்கார்ந்து பெஞ்சின் ஆணியை நோண்டிக்கொண்டிருக்கிறான். அவன் தலை என் மோவாய்க்கு நேராக இருக்கிறது. நான் தினமும் எண்ணெய் தேய்க்கிற தலைதான், ஆனால் வெளியிடத்தில் துணி கட்டாமல் பார்த்ததில்லை, அதனால் யார் பிள்ளையையோ மடியில் வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது. காலையில் அவன் அப்பா கட்டுகிற மாதிரியே உச்சியில் கொண்டை போட்டு, நீலத் துணியைச் சுற்றி இறுக்கி முடிந்துதான் வீட்டிலிருந்து கூட்டிவந்தேன், தெருவில் யாராவது பார்த்து இவருக்குப் போன் போட்டுவிடக் கூடாது. இவர் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார். பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தத் துணியை அவிழ்த்தேன். கொண்டையைப் பிரித்து நடுவகிடு எடுத்து ஒற்றைச் சடை பின்னினேன். கையில் கிடந்த இரும்புக் காப்புதான் வரமாட்டேன் என்றது. இப்படி ஆகும் என்று தெரிந்து மாத்திரைக் குப்பியில் தேங்காயெண்ணெய் கொண்டுபோயிருந்தேன். எண்ணெய் போட்டுத் திருகித் திருகி இழுத்தேன், கட்டைவிரல் மூட்டில் சிவந்துபோச்சு. அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. “அப்பா கழத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காவல்லா?” என்றான். “இன்னைக்கு மட்டும்ல ராசா” என்றேன். “ஒன் பேரென்ன?” “அஜய் சிங்.” “இல்ல. இசக்கிராஜா. எங்க சொல்லு.” “இசக்கிராஜா.” “முடி எதுக்கு வளத்திருக்க?” “குருவுக்கு.” “இல்லடா. சாமிக்கு நேந்துவிட்ட முடி. இசக்கியம்மனுக்கு.” வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள், “உள்ள குடும்பம் நடத்துதியா தாயி, சீக்கிரம் வா” என்று ஒரு பொம்பளை சத்தம் போட்டாள். அந்த நாற்றத்துக்குள் நின்றுகொண்டு என் பிள்ளைக்கு ஆறு தடவை சொல்லிக்கொடுத்தேன். ஆறாவது தடவை சரியாகச் சொன்னான். ஆனால் ஆறு தடவை சொல்லிக்கொடுத்தது எங்கே, மூன்று வருஷமாக இவர் சொல்லிக்கொடுத்தது எங்கே.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷி விதவைப் பென்ஷனுக்கு வந்தவளாம். ரொம்ப நேரமாகச் சடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பொம்பளப் பிள்ளையா?” என்று கேட்டாள். “பையந்தான்.” “சாமிக்கு விட்ட முடியா?” நான் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள். எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்துவிட்டது, இதுதான், இது போதும், இந்த ஊரில் ஆம்பிளைப் பிள்ளைக்கு நீள முடி இருந்தால் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான், ஆர்.ஐ. அய்யாவுக்கும் தோன்றாமலா போகும். “ஆமா, இசக்கியம்மனுக்கு” என்றேன். “எப்ப இறக்கப்போற?” “ஆடியில.” “பிந்தவிடாத தாயி. நேந்த முடிய வச்சிக்கிட்டே இருந்தா அம்மை சும்மா விடமாட்டா. எங்க கொழுந்தியா மவன் அப்பிடித்தான் கெணத்துக்குள்ள விழுந்தான்.” சொல்லிவிட்டு வெற்றிலைப் பையைத் திறந்துவிட்டாள், அவளுக்கு அதோடு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. ஏனென்றால் நான் சொன்னது பொய்யே இல்லை. இவனுக்கு ரெண்டு வயசில் காய்ச்சல் வந்து, இரத்தத்தில் என்னமோ அணு குறைந்துபோச்சு என்று சொல்லி, பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோது, நான் மாடிப்படியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டது அதுதான். தாயே இவனைக் கொடு, முடியிறக்கிக் காது குத்துகிறேன். அவள் கொடுத்துவிட்டாள். நான் கொடுக்கவில்லை. முடியிறக்க நாள் பார்க்கிறதுக்குள் இவர் டெல்லிக்குப் போய் வந்துவிட்டார், வந்தவர் கத்தரிக்கோலை வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இவனுடைய முடி ரெண்டு பேருக்கு எழுதிக்கொடுத்த நிலம் மாதிரி ஆகிவிட்டது. அம்மன் பக்கம் பட்டா பழசு, குரு பக்கம் அனுபோகம். நான் இன்றைக்குச் சொல்லப்போவது பழைய உண்மை. பழசான உண்மையைச் சொன்னால் அது பொய்யா. தெரியவில்லை, ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்.

நான் இவரைக் குறை சொல்லவில்லை. சொல்கிறேன்தான், ஆனால் முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. பேச்சிமுத்துவாகப் போனவர் பல்வீர் சிங்காக ஒரே நாளில் வரவில்லை. டெல்லியில் விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்திருந்த சமயத்தில் சங்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டிப் போனார், நாலு நாளில் வருகிறேன் என்றவர் இருபத்திரண்டு நாள் கழித்து வந்தார். வந்த அன்றைக்குச் சோறு தின்னாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். “ஏட்டி, ஒருத்தன், நூறு ஏக்கர் வச்சிருக்கவன், எங்கப்பன் வயசு, என் செருப்ப எடுத்துத் தொடச்சு வச்சான்ட்டி. வரிசையில உக்காருன்னான். நீ யாரு, எந்தத் தெருன்னு எவனும் கேக்கல. ரொட்டிய ரெண்டு கையில ஏந்தி வாங்கணுமாம், எல்லாவனும் அப்பிடித்தான் வாங்குதான், பெரிய ஆபீசரும் அப்பிடித்தான்.” சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கல்யாணம் ஆகி ஐந்து வருஷத்தில் பார்க்காத தண்ணீர். அதற்குப் பிறகு மேலத்தெரு வழியாகப் போகும்போது எங்கள் தெரு ஆட்கள் மாதிரி பைக்கைவிட்டு இறங்கித் தள்ளவில்லை. முதல்முறை அப்படிப் போனபோது நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், கண்ணை மூடிக்கொண்டேன், என்னவோ தலையில் விழப்போகிறது என்று. ஒன்றும் விழவில்லை. அவர் முதுகு என் முகத்துக்கு முன்னால் பலகை மாதிரி நிமிர்ந்திருந்தது. அந்த முதுகை எனக்குப் பிடித்திருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. டீக்கடைக்காரன், “வாங்க சிங்கு, டம்ளர் வேணுமா, இல்ல வாளுல ஊத்தவா?” என்பான். எங்கள் தெருவிலேயே என் அண்ணன், “தலையில அஞ்சு மீட்டர் துணிய சுத்திட்டா மட்டும் தெருப்பேர் மாறிருமா மச்சான்?” என்பான். இவர் சிரித்துக்கொண்டே, “தெருப்பேர் மாறாதுவே. நான் குனியுதது மாறிருச்சுல்லா” என்பார். பேசத் தெரிந்தவர். ஆனால் பேசி என்ன ஆச்சு. பிள்ளைக்கு எஸ்.சி. சர்டிபிகேட் வேண்டும் என்று மனு போட்டபோது மதம் என்கிற கட்டத்தில் நிமிர்ந்து சீக்கியம் என்று எழுதினார். சட்டத்தில் சிங்குக்கும் எஸ்.சி. உண்டு என்று தாள் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். சட்டத்தில் இருக்கிறது, மேசையில் இல்லை. மேலே எழுதியிருக்கிறோம், பதில் வரட்டும் என்றார்கள், நாலு மாசமாக மேலே எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையோடு அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து இலவச சீட்டு முடிகிறது. இன்றைக்குப் புதன். போன வாரமே, இவர் லோடுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நான் பழைய ரேஷன் கார்டு, பழைய பிறப்புச் சான்று எல்லாம் வைத்து, மதம் இந்து என்று போட்டு, இன்னொரு மனு போட்டேன். அதில் எங்கள் ஊர் வி.ஏ.ஓ., பெற்றோர் மதம் மாறியதாகத் தெரிகிறது, பிள்ளையை நேரில் விசாரிக்கவும் என்று எழுதிவிட்டார். அதுதான் இந்த பெஞ்சு.

எல்லாம் அந்த பந்தா சிங்கால் வந்தது என்று சில நேரம் தோன்றும். இவர் குருமார்களைவிட அவரைத்தான் அதிகம் சொல்வார். வீட்டில் பீரோவுக்கு மேலே காலண்டர் படமாக நிற்கிறார், கையில் வில், பெரிய மீசை, கண் நம்மைப் பார்க்காமல் நமக்குப் பின்னால் எதையோ பார்க்கும். தூசி தட்டுவது நான்தான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்த ஆளுக்காக என் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரமுடியாமல் இருக்கிறான் என்று தட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். கதை எனக்கு மனப்பாடம். சின்ன வயசில் வேட்டைக்குப் போய் ஒரு மானை அடித்தாராம், வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே ரெண்டு குட்டி, அவர் கண் முன்னாலேயே துடித்துச் செத்ததாம், வில்லைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாமியாராகப் போய்விட்டாராம். அப்புறம் பத்தாவது குரு தேடிவந்து அவர் கையில் அம்புகளைக் கொடுத்து, போ, அநியாயத்தைக் கேள் என்றாராம். போனார், கேட்டார், சர்ஹிந்து என்கிற ஊரைப் பிடித்தார், ஜமீன்தார்களை விரட்டிவிட்டு உழுதவனுக்கே நிலத்தைக் கொடுத்தார். இந்த இடம் வரும்போது இவர் குரல் மாறிவிடும். “உழுதவனுக்கேட்டி! எங்கப்பன் நாப்பது வருசம் உழுதான், எவன் குடுத்தான்?” கொடுத்த நிலம் எத்தனை வருஷம் நின்றது என்று கேட்க வாய் வரும், விழுங்கிக்கொள்வேன். எட்டு மாசம் ஒரு கோட்டைக்குள் அடைபட்டு இலையைத் தின்று, மரப்பட்டையைத் தின்று, எலும்பை இடித்துத் தின்று, கடைசியில் பிடிபட்டு, அவரை இரும்புக் கூண்டில் வைத்து டெல்லித் தெருவில் கொண்டுபோனார்கள். கூட எழுநூறு பேர். மதத்தை மாற்றிக்கொள், விட்டுவிடுகிறோம் என்றார்கள். ஒருத்தனும் மாறவில்லையாம். கடைசி நாளில் அவருடைய மகனை, நாலு வயசுப் பிள்ளை, அவர் மடியில் உட்காரவைத்து, நீயே கொல் என்று கத்தியைக் கொடுத்தார்கள். அவர் மாட்டேன் என்றார். அவர்கள் கொன்றார்கள். மடியில் வைத்தே கொன்றார்கள். அந்தப் பிள்ளை பேர் அஜய். அந்தப் பேரைத்தான் என் பிள்ளைக்கு வைத்திருக்கிறார். எவனாவது மடியில் வெட்டுப்பட்ட பிள்ளையின் பேரைத் தன் பிள்ளைக்கு வைப்பானா, வீட்டில் விளக்கேற்றுகிறவளை ஒரு வார்த்தை கேட்டாரா. இதை இவனுக்கும் சொல்லியிருக்கிறார். இவன் கேட்டான், “அவனுக்கு வலிச்சுதாப்பா?” “வலிக்கலடா. சிங்கத்துக்கு வலிக்காது.” நான் அடுப்புக்கு முன்னால் இருந்தேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்காதவள் அன்றைக்குக் கேட்டேன், “அந்தப் பிள்ளையப் பெத்தவ அப்ப எங்க இருந்தா?” இவர் திரும்பிப் பார்த்தார். யோசித்தார். “ராஜா வீட்டுப் பொண்ணும்பாங்க. பிடிச்சிட்டுப் போனாங்க. அப்புறம் என்னாச்சுன்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுதாங்க.” அவ்வளவுதான். மானுடைய வயிற்றில் எத்தனை குட்டி என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். பெற்றவளுக்கு என்ன ஆச்சு என்று சரியாகத் தெரியவில்லை. கூண்டு எப்படி இருந்தது, கத்தி எப்படி இருந்தது, எல்லாம் இருக்கிறது, அவள் நின்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

ஆனால் இன்னொருத்தியை எழுதி வைத்திருக்கிறார்கள். பஞ்சாபிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இவரைப்போலச் சிங்கானவர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள், அவர் இந்தியில் சொல்ல, இவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். அந்த எழுநூறு பேரில் ஒரு பையன், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தானாம். அவனுடைய அம்மா விதவை, அவனை விட்டால் ஆள் கிடையாது. அவள் ஒரு மந்திரியைப் பிடித்து, அவன் மூலமாக ராஜாவுக்கே மனு கொடுத்தாளாம். என் மகன் சிங்கே இல்லை, சிங்குமார் பிடித்துவைத்திருந்த கைதி, தெரியாமல் இவர்களோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள் என்று. ராஜா இரங்கி விடுதலை என்று எழுதிக்கொடுத்துவிட்டான். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெட்டுகிற இடத்துக்கு ஓடினாளாம், அவன் முறை வருவதற்குள். நேரத்துக்குப் போய்விட்டாள். தாளைக் காட்டிவிட்டாள். கட்டை அவிழ்த்து வெளியே விட்டுவிட்டார்கள். அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா, “எங்க அம்மா பொய் சொல்லுதா. நான் குருவோட சிங்கு. என்னை எங்க ஆளுங்களோட சேர்த்து வெட்டுங்க.” சொல்லிவிட்டு அவனாகப் போய் வரிசையில் உட்கார்ந்துகொண்டானாம். பெரியவர் சொல்லி முடித்ததும் எல்லோரும் கைதூக்கி முழக்கம் போட்டார்கள். என் மடியில் இருந்த இவனும் கைதூக்கினான். நான் தூக்கவில்லை. அந்த அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் இப்படித்தான் எங்கேயாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பெஞ்சுகூட இருந்திருக்காது, தரைதான். உள்ளே இருக்கிறவனுடைய முழங்கையைப் பார்த்துக்கொண்டு. எத்தனை பேர் காலில் விழுந்திருப்பாள், எத்தனை பேர் போ போ என்றிருப்பார்கள், தினம் நூறு பேராக வெட்டுகிறார்கள், ஆறாவது நாளா ஏழாவது நாளா என்று தெரியாமல் எப்படிச் சோறு இறங்கியிருக்கும். அவள் சொன்ன பொய்யை எத்தனை தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருப்பாள். எல்லாம் செய்து, தாளை வாங்கி, பிள்ளையின் கயிறு அவிழ்கிறதைக் கண்ணால் பார்த்தபிறகு, அவன் வாயால் அந்த ஒரு வார்த்தை. அதற்கு அப்புறம் அவள் எப்படி நடந்து வீட்டுக்குப் போனாள். அந்தத் தாளை என்ன செய்தாள். அதை யாரும் சொல்லவில்லை, முழக்கத்தில் போய்விட்டது. இன்றைக்குக் காலையிலிருந்து அவள்தான் என் கூட வருகிறாள். உள்ளே போனதும் ஆர்.ஐ. அய்யா பேர் கேட்பார், இவன் நெஞ்சை நிமிர்த்தி அஜய் சிங் என்பான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்படித்தான் சொல்வான், சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்ப்பான். அம்மா பொய் சொல்லுதா என்பான். அவனுக்கு அது நல்ல பையன் சொல்கிற வார்த்தை, கைதட்டு கிடைக்கிற வார்த்தை. எனக்கு அதற்கப்புறம் பேச வாய் இருக்காது. எப்போதும் இருந்ததில்லை. ஆறாம் வகுப்பில் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையில் தினமும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுவைத்தார்கள், மேலத்தெருப் பையன்கள். சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம் பிந்தும். ஏன் பிந்துகிறாய் என்று வாத்தியார் கேட்டார், தினமும் கேட்டார், நான் முள் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்தைவிட்டே ஒரேயடியாக நின்றுவிட்டேன். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. இவர் சொல்லியிருப்பார். இவன் சொல்வான். அதைத்தான் நான் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என் பிள்ளைக்கு வாய் இருக்கிறது என்று.

“பேச்சிமுத்து சம்சாரம் யாரும்மா? சந்தனமாரி!” பியூன் கத்துகிறான். எழுந்திருக்கும்போது கால் மரத்துவிட்டது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த மனுஷி, “போயிட்டு வா தாயி, அம்மை துணையிருப்பா” என்கிறாள், எந்த அம்மை, நான் ஏமாற்றி வைத்திருக்கிற அம்மையா. வாசலில் செருப்பைக் கழற்றினேன், யாரும் கழற்றச் சொல்லவில்லை, கால் தானாகக் கழற்றிவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்து மூடினேன், முதுகு தானாக வளைந்தது. உள்ளே முழங்கைக்கு ஒரு முகம் இருந்தது, நல்ல முகம்தான், கண்ணாடி போட்டு, ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு. “உக்காரும்மா” என்றார். உட்காரவில்லை. “எல்லா ரெக்கார்டும் சரியாத்தான் இருக்கு. ஒங்க வி.ஏ.ஓ. என்னமோ எழுதியிருக்காரே. மதம் மாறிட்டீங்களா?” “இல்லைங்கய்யா.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. “சத்தமாச் சொல்லும்மா, மூக்கடைச்சதுல காதும் கேக்கல.” “இல்லைங்கய்யா, நாங்க பழையபடிதான்.” “பையனுக்கு என்ன இவ்வளவு முடி?” நான் வாயைத் திறந்தேன். அவர் கை காட்டி நிறுத்திவிட்டார். “நீ இரும்மா. அவன் சொல்லட்டும். ஏ பெரிய மனுசா, இங்க வா. ஒன் பேரென்னடே?” அந்த நேரம் மேலே சுற்றுகிற மின்விசிறியின் சத்தம் ஒவ்வொன்றாகத் தனித்தனியாகக் கேட்டது. பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. முன்னால் போனான். “இசக்கிராஜாங்கய்யா.” “யாரு மவன்?” “பேச்சிமுத்து மவன்.” “முடி என்னத்துக்கு?” “இசக்கியம்மனுக்கு நேந்தது. ஆடியில இறக்குவாங்க.” ஆடி என்று நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பெஞ்சில் ஆணியை நோண்டிக்கொண்டே கேட்டிருக்கிறான். ஆர்.ஐ. அய்யா சிரித்தார். பேனாவை எடுத்தார். எடுத்தவர் மறுபடி கீழே வைத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாக, மிட்டாய் வேணுமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டார், “அப்பா தலையில தலைப்பா கட்டியிருப்பாராமே?” இதற்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. இது வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஊரில் எல்லோரும் பார்க்கிற தலைப்பாகை, அது எனக்குத் தோன்றவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். சொல்லடா, சொல்லிவிடு, எங்க அம்மா பொய் சொல்லுதான்னு சொல்லு என்று ஒரு பக்கம் மனசு அவனைத் தள்ளியது, ஆமாம், தள்ளியது, நான் மறைக்கவில்லை. அப்போதுதான் அவன் நின்ற மாதிரியைப் பார்த்தேன். ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்துக் கட்டியிருந்தான். முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. ஒரு காலை இன்னொரு கால்மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாசலில் செருப்பையும் கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறான். “அது வெயிலுக்குக் கட்டுததுங்கய்யா” என்றான். “லாரியில வெயிலு அடிக்கும்லா. அதுக்கு.” ஆர்.ஐ. அய்யாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. “வெயிலுக்கா! சரியான ஆளுடே நீ. நல்ல பிள்ள, மரியாதைப்பட்ட பிள்ள. நல்லா வளத்திருக்கம்மா.” கையெழுத்துப் போட்டார். “தாசில்தாருக்கு அனுப்பிடுதேன், நாளைக்கு இ-சேவையில தாளை வாங்கிக்க.” “ரொம்ப நன்றிங்கய்யா” என்றேன். “ரொம்ப நன்றிங்கய்யா” என்று அவனும் சொன்னான், நான் சொன்ன அதே குழைவோடு.

வெளியே வெயில். சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய், அங்கே யாரும் இல்லை. அவனைத் திண்டில் உட்காரவைத்துச் சடையைப் பிரிக்கிறேன். சந்தோஷப்பட வேண்டும். சீட்டுக் கிடைத்துவிடும், சீருடை போட்டுக்கொண்டு வேனில் போவான், முள்ளில்லாத பாதையில் போவான், அதற்குத்தானே இத்தனையும். அந்தக் காலத்து அம்மாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டது, என் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தாளும் வருகிறது, பிள்ளையும் கூட வருகிறது. ஆனால் கையில் சீப்பு ஓடவில்லை. இவர் டெல்லிவரைக்கும் போய், பேரை விட்டு, சொந்தத்தை விட்டு, தெருச் சிரிப்பையெல்லாம் வாங்கிக்கட்டிக்கொண்டு மூன்று வருஷமாக நிமிர்த்திவைத்த முதுகு. எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. அதிலும் முதுகை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, பேரும் முடியும்தான் சொல்லிக்கொடுத்தேன், மீதியை அவன் என்னைப் பார்த்து எடுத்துக்கொண்டான். அவன் அந்த நாற்காலிக்கு முன்னால் சத்தமாகச் சிங் என்று சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். சொல்லாததற்கும் செத்துக்கொண்டுதான் இருக்கிறேன், இது மெதுவாக நடக்கிறது. கொண்டையை உச்சியில் சுருட்டி நீலத் துணியைச் சுற்றினேன். இவர் கட்டுகிற மாதிரி வரவில்லை, நாலு தடவை அவிழ்த்துக் கட்டினேன். காப்பைக் கையில் மாட்டினேன், எண்ணெய்ப் பிசுக்கில் சுலபமாக ஏறிவிட்டது. ஏதாவது கேள்டா என்று நினைத்தேன். ஏன்மா பொய் சொல்லச் சொன்ன என்று கேட்டால், ஒரு அறை வைத்துவிட்டு, கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். அவன் குழாயில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். முகத்தில் பயமில்லை, கோபமில்லை, பாடம் கேட்கிற பிள்ளை முகம். “அப்பா கேட்டா நான் என்ன சொல்லணும்மா?” என்றான். எனக்கு மூச்சு நின்றுவிட்டது என்று சொல்ல ஆசைதான். நிற்கவில்லை. பதில் என்னிடம் தயாராக இருந்தது, காலையிலேயே யோசித்து வைத்திருந்தேன் போல. “ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனோம்னு சொல்லு” என்றேன். அவன் தலையாட்டினான். “எந்தக் கையில?” என்று கேட்டான். நான் அவனுடைய இடது தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டினேன். அவன் அந்த இடத்தை இப்போதே தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தான்.